பிரித்து மாட்டக்கூடிய செருப்பு

எறிவதற்கென்று வாசலில் ஒதுக்கி வைத்திருக்கும் செருப்புகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முழுக்கத் தேய்ந்து முடிந்த செருப்பு அவற்றில் அநேகமாக இருக்காது. ஒன்றில் வார் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும், அடி நன்றாகவே இருக்கும். இன்னொன்றில் வாருக்கும் தையலுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, அடித்தட்டு வாய் பிளந்திருக்கும். வேறொன்றில் குதிகாலுக்குக் கீழே மட்டும் நுரை அமுங்கி, நடக்கும்போது கால் ஒரு பக்கம் சாயும். ஒரு பாகம் கெட்டதற்காக மற்ற பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

சுற்றுச்சூழலுக்கு உகந்த செருப்பு என்றதும் எந்தப் பொருளில் செய்வது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, பாகங்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி. வார் ஒரு வேகத்தில் கெடும், கால் படும் மேல்தட்டு ஒரு வேகத்தில், தரையில் உரசும் அடி இன்னொரு வேகத்தில். மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடிந்தால் செருப்பு நீண்ட காலம் உழைக்கும். அப்படி ஒரு ஜோடியை வீட்டிலேயே செய்த விவரம் இது.

செருப்பு அம்மாவுக்கு. மலேசியாவில், பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க ஈரமான மொசைக் தரையில் நிற்க வேண்டும். சர்க்கரையும் இருக்கிறது. ஆகவே சில விஷயங்கள் முதலிலேயே முடிவாகிவிட்டன. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் கூடாது, அங்கே தோல் உரிந்தால் ஆற நாளாகும். மாலையில் கால் வீங்கும், எனவே வாரைத் தளர்த்தவும் இறுக்கவும் முடிய வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் பிடிப்பு வேண்டும். வேலையைத் தொடங்குமுன் கிளினிக்கில் காலைக் காட்டி, உணர்ச்சி மங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். உணர்ச்சி மங்கியவர்களுக்கு வீட்டில் செய்த செருப்பு வேண்டாம். உள்ளே ஒரு கல் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது.

கடையில் விற்கும் சொகுசுச் செருப்பையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அவற்றில் பலவற்றின் அடி பாலியூரித்தேன் நுரை. அதில் பாலியெஸ்டரை அடிப்படையாகக் கொண்ட வகை, காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல அறுபடும். நீராற்பகுப்பு என்று வேதியியலில் சொல்வார்கள். நடந்தால்தான் கெடும் என்பதில்லை, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் கெடும். தீபாவளிக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் தாண்டுவதற்குள் அடி தூள்தூளாக உதிர்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பினாங்கில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இந்த ஊருக்கு அந்த நுரை பொருந்தாது.

ஈவிஏ (எத்திலீன் வினைல் அசிட்டேட்) என்ற பிளாஸ்டிக் நுரை ஈரத்துக்குத் தாங்கும், எடையும் குறைவு. ஆனால் அதன் உள்ளே இருப்பவை மூடிய சிறு காற்றறைகள். ஒரே இடத்தில் தினமும் எடை விழுந்தால் அறைகள் நசுங்கி, பிறகு எழுவதில்லை. செருப்புக்கான ஈவிஏவைக் குறுக்குப் பிணைப்பு செய்துதான், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டித்தான் வார்க்கிறார்கள், அதனால் உருக்கித் திரும்ப வார்க்கவும் முடியாது. கரும்பிலிருந்து எடுத்த எத்திலீனில் செய்த ஈவிஏ 2018இல் சந்தைக்கு வந்தது. கச்சா எண்ணெயைக் குறைக்கிறது, நல்லதுதான். ஆனால் காலுக்குக் கீழே அதுவும் அதே நுரை, அதே மாதிரி அமுங்கும்.

சரி, ரப்பருக்கு வருவோம். இது நம் ஊரில் விளைவது. பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் அந்த மரத்தோடு சேர்ந்ததுதான் நம் மக்களின் வாழ்க்கை. என் பாட்டி சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து போய், மங்கு என்ற கோப்பையில் இறங்கிய பாலை எடுத்து, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் உரித்துக்கொண்டு வருவார். அந்தப் பாலில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து இன்றும் நாட்டில் கிடைக்கிறது. அடியில் குமிழ் குமிழாக இருக்கும், மொத்தமும் ஒரே வார்ப்பு. ‘அடிடாஸ் கம்போங்’ என்று எல்லோரும் செல்லமாகச் சொல்வது அதைத்தான். வழுக்கும் காட்டுப் பாதையில் விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்துகளுக்கு இணையாகப் பிடிக்கும். இயற்கை ரப்பர் ஈரத்தில் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஆனால் பால்மரத்து ரப்பரை அப்படியே செருப்படியாக்க முடியாது. புகையிட்ட ரப்பர் ஷீட்டை இரண்டு மூன்றாக அடுக்கி ஒரு துண்டு செய்து பார்த்தேன். நிழலில் அருமையாக இருந்தது. மதிய வெயிலில் தார் ரோட்டில் வைத்ததும் இளகி, மணலையும் தூசியையும் வாரி ஒட்டிக்கொண்டது. பச்சை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுப்படாமல் கிடக்கின்றன. சூடு பட்டால் வழுகும். கந்தகம் சேர்த்து வேகவைத்தால் சங்கிலிகளுக்கு இடையே பாலம் விழும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டது அதைத்தான். அந்த வேக்காட்டை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆக, ஏற்கெனவே வெந்த ரப்பரைத்தான் தேட வேண்டும்.

அதற்கு நல்ல இடம் லோரி டயருக்கு மறுபடி பட்டை கட்டும் பட்டறை. ‘தாயார் செலுப்’ என்று மலாயில் சொல்வார்கள். தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்பே வெந்து கோடு விழுந்த ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, அறைக்குள் வைத்துச் சூடேற்றுகிறார்கள். பட்டையை அளவுக்கு வெட்டும்போது முனையில் துண்டுகள் மிஞ்சும். எனக்குப் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அந்தத் துண்டுகள் சும்மாவே கிடைத்தன. பழைய டயரை வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். கார் டயரின் பட்டைக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கும், கத்தி ஓடாது, வெட்டிய விளிம்பில் கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள் டயரில் பெரும்பாலும் நைலான் நூல்தான், வெட்டலாம், ஆனால் அது வளைந்தே இருக்கும், தட்டையாக ஒட்ட விடாது. மறுபட்டைத் துண்டில் கம்பியும் இல்லை, வளைவும் இல்லை. லோரி டயரில் கார் டயரைவிட இயற்கை ரப்பரின் பங்கு அதிகம் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். பாரம் ஏற்றி ஓடும்போது சூடு ஏறாமல் இருக்க அது தேவைப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. டயர் ரப்பரில் கரிப்புகைத் தூளும் எண்ணெயும் இருக்கின்றன. அவற்றோடு பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற சேர்மங்களும் வரும், சில புற்றுநோயோடு தொடர்புடையவை. தோலில் படும் ரப்பர் பொருள்களில் அப்படிப்பட்ட 8 சேர்மங்கள் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முடிவிலிருந்து கட்டுப்படுத்துகிறது. டயர் ரப்பர் அந்தக் கணக்கில் செய்யப்படுவதில்லை. எனவே டயர் தரையைப் பார்த்து இருக்கட்டும், காலைத் தொட வேண்டாம். லோரி டியூபை வெட்டி வாராக மாட்டும் பழக்கத்தையும் இதே காரணத்தால் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மேல்தட்டுக்கும் அடிக்கும் இடையில் வரும் நடுத்தட்டுதான் செருப்பின் முதுகெலும்பு. வார் இழுக்கும் விசை எல்லாம் அதில்தான் விழும். வெறும் ரப்பரில் வாருக்கு ஓட்டை போட்டால் நாளடைவில் கிழியும். உள்ளே துணி ஓடும் ரப்பர் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த கன்வேயர் பெல்ட் துண்டு இதற்குச் சரியாக அமைந்தது. ஆலைகளில் சரக்கு ஏற்றும் பெல்ட்தான், இரண்டு அடுக்குத் துணி, கனம் 5 மில்லிமீட்டர் அளவு. அடுக்கு அதிகமான பெல்ட்டை எடுக்காதீர்கள், பாதம் மடங்காது.

வாருக்குப் பழைய காரின் சீட் பெல்ட். பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு நீளம் கொடுத்தார்கள். பாலியெஸ்டர்தான், இயற்கைப் பொருள் இல்லை. ஆனால் ஏற்கெனவே நெய்யப்பட்டுவிட்டது, இனி எறியப்படப் போவது, தண்ணீர் குடிக்காது, விளிம்பு தோலை அறுக்காத மாதிரி நெய்திருக்கிறார்கள். அகலம் 48 மில்லிமீட்டர். அந்த அகலத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், நீளவாக்கில் வெட்டினால் மெல்லிய விளிம்பு போய்விடும். பின்வாருக்கு மட்டும் பழைய பள்ளிப் பையின் பட்டையும் பக்கிளும்.

கால் படும் மேல்தட்டுக்குத்தான் அதிகம் அலைந்தேன். முதலில் மெங்குவாங் பாய். நம் தாழைக்கு உறவுக்காரச் செடி, பாய் குளுமையாக இருக்கும். பாதம் மடங்கும் இடத்தில் ஓலை ஒடிந்தது, ஈரக்கால் வழுகியது. மெத்தைக்குப் போடும், ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார்த் தகடும் பார்த்தேன். மெத்தையில் உடம்பின் எடை பரவி விழுகிறது, செருப்பில் குதிகாலின் சிறு வட்டத்தில் விழுகிறது. நார் அமுங்கி, நுனிகள் மேலே குத்த ஆரம்பித்தன. அன்னாசி இலை நாரில் செய்த தோல் என்று விற்பதைப் பற்றியும் விசாரித்தேன். நார் உண்மைதான், மேலே பூசுவது பிசின் பூச்சு. அடுக்களைத் தண்ணீரிலும் உரசலிலும் அந்தப் பூச்சு போனால் திரும்பப் பூச வழியில்லை.

கடைசியில் நின்றது கார்க், அதன் மேல் தாவரச் சாயத்தில் பதனிட்ட தோல். கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள், மரம் நிற்கும், பட்டை திரும்ப வளரும். உலகத்தின் கார்க்கில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து புதிதாக வரவழைக்க மனம் வரவில்லை. மரத்தரைக்கு அடியில் விரிக்கும் 3 மில்லிமீட்டர் கார்க் ஷீட்டில் மீந்த சுருள் ஒன்றைத் தரை வேலை செய்யும் நண்பரிடம் வாங்கிக்கொண்டேன்.

தோலைப் பார்த்து வாங்க வேண்டும். இன்று சந்தையில் உள்ள தோலில் பெரும்பகுதி குரோமியத்தில் பதனிட்டது. விரைவாக முடியும், மென்மையாக வரும். ஆனால் கழிவைச் சரியாகக் கையாளாவிட்டால் மண்ணும் கிணறும் போய்விடும். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் நடந்தது அதுதான். தோலுக்கு வேண்டிய குரோமிய உப்பைச் செய்த ஆலை மூடிக் கிடந்தும், அது விட்டுப்போன கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. அதே வட்டாரத்தில் அதற்கு முன்பு ஆவாரம்பட்டை ஊறிய நீரில்தான் தோலைப் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: தாவரச் சாயத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும், குரோமியத் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். ஒரு துளி தண்ணீர் விட்டால் முன்னது சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். பை தைப்பவர்களிடம் கால் அளவுக்குத் துண்டுகள் கிடைக்கும். இந்தத் தோலுக்கு நம் ஊரில் உள்ள ஒரே கஷ்டம் பூஞ்சணம். தினமும் போட்டால் வராது, மூடிய அலமாரியில் வைத்தால் பச்சை படியும். நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாடக் காய வைக்க வேண்டும்.

இனி அளவு. மாலையில், இரண்டு காலிலும் எடை சமமாக நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். உட்கார வைத்து வரைந்தால் கால் குறுகலாக வரும். இரண்டு காலையும் தனித்தனியே வரையுங்கள், ஒன்றுபோல இருக்காது. கட்டைவிரல் எலும்பு புடைக்கும் இடம், சுண்டுவிரலின் அடி, இரு பக்கமும் கணுக்கால் எலும்பின் முன்விளிம்பு, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் சேர்க்கும் கோடுதான் பாதம் மடங்கும் கோடு. அது நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்ந்து போகும். செருப்பு மடங்குவதும் அந்தச் சாய்வில்தான் இருக்க வேண்டும். வேறு இடத்தில் மடங்கினால் ஒவ்வோர் அடிக்கும் காலும் செருப்பும் சண்டை போடும், அடுத்து வருவது கொப்புளம். விரல் நுனிக்கு முன்னால் 8 மில்லிமீட்டர், குதிகாலுக்குப் பின்னால் 5 மில்லிமீட்டர் விட்டேன்.

மென்மையாக இருந்தால் கால் வலிக்காது என்று நினைப்போம். நாள் முழுக்க நிற்பவருக்கு மென்மையைவிட வடிவம் முக்கியம். குதிகாலுக்கு அடியில் கொழுப்புத் திண்டு ஒன்று இருக்கிறது, எலும்புக்கு அதுவே மெத்தை. தட்டையான செருப்பில் அது பக்கவாட்டில் பிதுங்கிவிடும். சுற்றிலும் சிறு கரை எழுப்பினால் திண்டு எலும்புக்கு அடியிலேயே நிற்கும். கார்க் இதற்காகவே பிடித்தது. இரண்டு முழு ஷீட்டை அடுக்கி, குதிகாலைச் சுற்றிலும் உள்வளைவுக்குக் கீழும் கூடுதல் கீற்றுகளை வைத்து ஒட்டி, மணல்தாளால் தேய்த்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். கரையின் உயரம் 8 மில்லிமீட்டர் வரை வந்தது. அம்மாவை அடிக்கடி ஏறி நிற்கச் சொல்லி, எங்கே அழுத்துகிறது என்று கேட்டுத் தேய்த்ததால் வேலை மெதுவாகத்தான் போனது. அவசரப்படக்கூடாத பகுதி இது. கார்க்கை ஒட்ட ரப்பர் பால் பசையே போதும். அம்மோனியா வாடை வரும், காய்ந்ததும் போய்விடும்.

ரப்பரை வெட்ட ஒரு நுணுக்கம் உண்டு, கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். காய்ந்த கத்தியை ரப்பர் கவ்விப் பிடிக்கும், நனைந்த கத்தி நழுவி ஓடும். புது பிளேடு, ஒரே இழுப்பில் முடிக்காமல் பல இழுப்பு, பிடித்திருக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால்.

அடித்தட்டை முழுப் பாத அளவுக்கு வெட்டவில்லை. முன்பாதத்துக்கு ஒரு துண்டு, குதிகாலுக்கு ஒரு துண்டு, நடுவில் ஒன்றுமில்லை. நடுப்பகுதி தரையில் அவ்வளவாகப் படுவதே கிடையாது, அங்கே ரப்பர் வைத்தால் எடைதான் கூடும். சின்னத் துண்டுகளும் வீணாகாமல் பயன்படும். குதிகால் துண்டை இடம் வலம் ஒரே மாதிரி, சமச்சீராக வெட்டினேன். அதன் காரணம் பின்னால் வருகிறது.

வாரை எங்கும் ஒட்டக்கூடாது, எங்கும் ஆணி அடிக்கக்கூடாது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. சீட் பெல்ட் நடுத்தட்டின் ஒரு பக்கப் பிளவில் இறங்கி, அடியில் குறுக்காக ஓடி, மறுபக்கப் பிளவில் ஏறுகிறது. இரண்டு முனையும் பாதத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து வெல்க்ரோவில் பிடித்துக்கொள்ளும். அது ஓடுவதற்கு முன்பாதத் துண்டின் மேல்முகத்தில் பெல்ட்டின் கனத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டினேன், ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம், அகலம் பெல்ட்டைவிடச் சற்றே கூடுதல். அந்த ஆழம் இல்லாவிட்டால் பாதத்தின் அடியில் மேடு உறுத்தும். பசை பூசும்போது வாய்க்காலில் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். வார் நைந்தால், புது வாரின் முனையைப் பழைய வாரின் முனையோடு தைத்து இழுத்தால் போதும், பாவாடையில் நாடா கோர்ப்பதுபோலப் பழையது வெளியே வர புதியது உள்ளே போய்விடும். பின்வாருக்கு வாய்க்காலே தேவைப்படவில்லை. கணுக்காலுக்கு முன்னால் இறங்கும் அது, இரண்டு அடித்துண்டுகளுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் ஓடுகிறது, தரையைத் தொடாது.

பிளவு வெட்டும்போது இரு முனையிலும் முதலில் சிறு வட்டத் துளை போட்டுவிட்டு, பிறகு நடுவை வெட்டுங்கள். கூர்முனையில் முடியும் பிளவு அங்கிருந்தே கிழிய ஆரம்பிக்கும், வட்டத்தில் முடிந்தால் இழுவை பரவிவிடும். பிளவுக்கு வெளியே குறைந்தது 10 மில்லிமீட்டர் கன்வேயர் பெல்ட் மிஞ்ச வேண்டும். அந்த இடங்களில் நடுத்தட்டைக் காதுபோல வெளியே விட்டு வெட்டினேன்.

மேல்தட்டை நடுத்தட்டோடு தைத்தேன். கார்க்கும் தோலும் கன்வேயர் பெல்ட்டும் சேர்ந்து ஊசிக்கு இடம் கொடுக்காது. கை டிரில்லில் சின்ன முனை போட்டுச் சுற்றிலும் துளைகள் இட்டு, மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசியை எதிரெதிராக விட்டுத் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. தையல் அடியில் தெரியும் இடத்தில் ஆழமான கோடு கீறி நூலை அதற்குள் இறக்கிவிட்டேன். இதை முடித்துவிட்டுத்தான் அடித்துண்டுகளை ஒட்ட வேண்டும்.

பசை ஒன்றுதான் இந்தச் செருப்பில் எனக்கு முழுத் திருப்தி தராத பொருள். நகரத்தில் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) உட்கார்ந்து செருப்பு தைக்கும் ஓர் அண்ணனிடம் போய், “அண்ணே, கம் மட்டும் போதுமா, அடியையும் தைக்கணுமா?” என்று கேட்டேன்.

“தச்சா நூலு தரையில தேஞ்சு போயிரும் தம்பி. கம் போதும். ஆனா நாளைக்கு யாராச்சும் பிரிக்கணுமே, அத நெனச்சு ஒட்டு” என்றார்.

அவர் பயன்படுத்துவது மஞ்சள் கம். கரைப்பான் கலந்தது, வாடை தலைக்கு ஏறும். செருப்புப் பசையின் கரைப்பான்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே வினைல் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கைகால் மரத்துப்போய், தசை தளர்ந்தது. பசையிலிருந்த ஹெக்சேன் ஆவி நரம்பைத் தாக்கியது பிறகு தெரிந்தது. மூடிய அறையில் நாள்கணக்கில் சுவாசித்தவர்கள் அவர்கள். தண்ணீரைக் கரைப்பானாகக் கொண்ட பசையும் இருக்கிறது, நான் அதையே எடுத்தேன். ஈரக்காற்றில் காய நேரம் பிடிக்கும், மின்விசிறி வைத்தால் போதும். அது கிடைக்காமல் மஞ்சள் கம் எடுப்பவர்கள் வாசலில் உட்கார்ந்து ஒட்டுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒட்டவும் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோலப் படியும், கம் வெளுத்துத் தெரியும். அப்படி ஒட்டியது சீக்கிரம் விட்டுவிடும். வெயில் ஏறிய பகல்தான் ஒட்ட நல்ல நேரம்.

எந்தப் பசையானாலும் முக்கால்வாசி வேலை அதற்கு முந்தியது. ரப்பரின் பளபளப்பு முழுக்கப் போகும்வரை முரட்டு மணல்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஸ்பிரிட்டால் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, இன்னொரு பூச்சு. விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத பக்குவம் வந்ததும், முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வைத்து, சுத்தியலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தட்ட வேண்டும். ஒரு முழுநாள் தொடக்கூடாது. முன்துண்டின் நுனியைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், படியில் இடித்து முதலில் பிரிவது அந்த நுனிதான்.

ஈரத் தரைக்கு ஒரு கடைசி வேலை. லோரிப் பட்டையின் பெரிய கோடுகள் தார் ரோட்டுக்கு ஏற்றவை, மொசைக் தரையில் தண்ணீர்ப் படலத்தை உடைக்கப் போதாது. பிளேடால் அடிப்பரப்பில் மெல்லிய கீறல்களை நெருக்கமாக, அலை அலையாகப் போட்டேன். படகில் அணியும் சப்பாத்துகளுக்கு 1935இல் பால் ஸ்பெர்ரி செய்தது இதே முறைதான். பாதம் அழுத்தும்போது கீறல்கள் திறந்து நீரை வெளியேற்றும். மடங்கும் கோட்டில் மட்டும் ஒரு கீறலை ஆழமாக்கினேன். சௌராஸ்தா பசாரில் மீன் கடைகள் இருக்கும் பக்கம் அம்மாவோடு நடந்து பார்த்தோம், வழுக்கவில்லை. எண்ணெய் சிந்திய தரை வேறு கதை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதி இளகும். அடுப்பு வேலை செய்பவர்கள் தினமும் அடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

எடை ஒரு காலுக்கு ஏறத்தாழ 300 கிராம் வந்தது. சாதாரண சிலிப்பரைவிட நன்றாகவே கனம். “கனமாதான் இருக்கு, ஆனா கால் ஆடல” என்பது அம்மாவின் தீர்ப்பு. மாலையில் குதிகால் வலி பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது. வெல்க்ரோவை மத்தியானமே ஒருமுறை தளர்த்திக்கொள்கிறார்.

பினாங்கில் சீனர்கள் செய்யும் மரக்கட்டைச் செருப்பைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் ஈரப் பசாரில் டக் டக்கென்று சத்தம் கேட்கும். ஒரு கட்டை, மேலே ஒரு ரப்பர் பட்டை, பக்கத்துக்குச் சில ஆணிகள். பட்டை அறுந்தால் வேறு பட்டை அடித்துக்கொள்வார்கள். பழுது பார்ப்பதற்கென்று யோசித்துச் செய்த பொருள் அது, அதை நான் பலமுறை கையில் எடுத்துப் பார்த்துத்தான் இந்த வாய்க்கால் யோசனைக்கு வந்தேன்.

இப்போது முதல் பழுது வந்துவிட்டது, எதிர்பார்த்த இடத்தில்தான். குதிகாலின் வெளிவிளிம்பு தேய்ந்திருக்கிறது, பெரும்பாலோருக்கு அங்கேதான் தேயும். சமச்சீராக வெட்டியதன் பலன் இங்கே. முடி உலர்த்தியால் சூடு காட்டினால் பசை இளகும். குறடால் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தால் துண்டு முழுசாக வரும். இடது செருப்பின் துண்டை வலதிலும், வலதை இடதிலும் மாற்றி ஒட்டினேன். தேய்ந்த விளிம்பு இப்போது உட்பக்கம் போய்விட்டது, தேயாத பக்கம் வெளியே. ஒரு துண்டு ஏறக்குறைய இரண்டு துண்டின் வேலையைச் செய்யும். முன்பாதத் துண்டைத் தொடவே இல்லை. பட்டறையில் கிடைத்த துண்டுகளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறைக்கு வேண்டிய குதிகால் துண்டுகளை அதே அச்சில் வெட்டி, மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பக்கம் தேய்த்தும் வைத்துவிட்டேன்.